ரஷ், ரியோ 2002: வரிகளே இல்லாத பாட்டை ஒரு மைதானமே பாடிய இரவு

கடைசிவரிசை:

ராக் நேரலைப் பதிவுகள் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் டீப் பர்ப்பிள் ஜப்பானில் வாசித்தது, குயீன் வெம்ப்ளியில் பாடியது என்று இங்கே நிறைய எழுதியாகிவிட்டது. ரஷ் குழுவின் மூன்று தட்டு நேரலைப் பதிவான 'ரஷ் இன் ரியோ'வுக்கு ஒரு தனி இழைகூட இல்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. அதனால் ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ரஷ் என்பது கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ராக் குழு, மூன்று பேர். கெடி லீ பாடுவார், பேஸ் கிட்டார் வாசிப்பார், கீபோர்டும் அவர்தான், பல நேரம் எல்லாம் ஒன்றாக. அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார். நீல் பீர்ட் ட்ரம்ஸ், பாடல் வரிகளும் பெரும்பாலும் அவருடையவை. 1974இல் பீர்ட் சேர்ந்ததிலிருந்து அவர் இருந்தவரை இதே மூன்று பேர்தான்.

2002 நவம்பர் 23. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். 'வேப்பர் டிரெய்ல்ஸ்' சுற்றுப்பயணத்தின் கடைசி இரவு. வந்திருந்தவர்கள் சுமார் 40,000 பேர். அந்தக் குழு பிரேசிலுக்குப் போனதே அதுதான் முதல் தடவை. அங்கிருந்த ரசிகன் 1970களின் இசைத்தட்டிலிருந்து காத்திருக்கிறான். அப்பா வாங்கி வைத்த தட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளையும் அதே கூட்டத்தில் நிற்கிறான். அத்தனை வருடக் காத்திருப்பும் ஒரே ராத்திரியில் தொண்டை வழியாக வெளியே வருகிறது. அந்தப் பதிவில் நான் கேட்பது முதலில் அதைத்தான், இசை அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 1997 ஆகஸ்டில், அப்போது பீர்டுக்கு இருந்த ஒரே மகள் கார் விபத்தில் இறந்துபோனாள். அடுத்த வருடம் ஜூனில் மனைவி புற்றுநோயில் போய்விட்டார். இனி என்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சுமார் 88,000 கிலோமீட்டர். குழு முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2002இல் 'வேப்பர் டிரெய்ல்ஸ்' என்ற புது ஆல்பத்தோடு திரும்பி வந்தார்கள். ஐந்து வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் ட்ரம்ஸ் மறுபடி ஏறியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, 'டாம் சாயர்' ஆரம்பித்தவுடன் அந்த மைதானம் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள்.

அப்புறம் அந்த ஆறாவது உருப்படி, 'ஒய் ஒய் இசட்'. அதில் வரிகள் கிடையாது. முழுக்க வாத்தியம், சிக்கலான கணக்கு. உலகத்தில் எந்த ஊரில் வாசித்தாலும் ரசிகர்கள் கையைக் காற்றில் ஆட்டி ட்ரம்ஸ் வாசிப்பார்கள், அவ்வளவுதான். ரியோவில் கிட்டார் மெட்டை "ஓ ஓ ஓ" என்று ஸ்வரம் விடாமல் பாடினார்கள். பாடிக்கொண்டே மொத்தக் கூட்டமும் தாளத்துக்குக் குதித்தது. பதிவில் ஒரு கட்டத்தில் கூட்டம்தான் மெட்டைச் சுமக்கிறது, மேடை அதற்குப் பக்கவாத்தியம்.

இதற்கு ஈடான கூட்டத்தை வேறு எந்தப் பதிவிலும் நான் கேட்டதில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எட்டுச்சேனல்:

நல்ல இழை, கடைசிவரிசை. நான் மேடை ஒலியில் வேலை செய்பவன், அதனால் முதல் எதிர்ப்பை நானே பதிவு செய்கிறேன். 'ரஷ் இன் ரியோ' ஒலிக்கலவையில் பலவீனமான தட்டு. பேஸ் கலங்கலாக இருக்கிறது, ட்ரம்ஸின் சிம்பல்கள் கூட்டத்தின் இரைச்சலில் கரைந்துபோகின்றன, மொத்தத்திலும் ஒரு மூட்டம். 1981இல் வந்த 'எக்ஸிட் ஸ்டேஜ் லெஃப்ட்'டைப் போட்டுவிட்டு உடனே இதைப் போட்டால் வித்தியாசம் முகத்தில் அடிக்கும். அதில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இது ஏன் இப்படி ஆனது என்பதைத் தெரிந்துகொண்டுதான் குறை சொல்ல வேண்டும். முந்தின இரவு சாவோ பாலோவில், மொரும்பி மைதானத்தில், சுமார் 60,000 பேர் முன்னால் மழையில் வாசித்திருக்கிறார்கள். சாமான்கள் நனைந்துவிட்டன. அதே சாமான்கள் லாரிகளில் ஏறி ராத்திரியோடு ராத்திரியாக ரியோவுக்கு வர வேண்டும். தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. ஜனங்களை உள்ளே விட வேண்டிய நேரத்தில் மேடை வேலை முடிந்தும் முடியாமலும் இருந்தது. சவுண்ட் செக் நடக்கவே இல்லை. ஒவ்வொரு மைக்கிலும் சிக்னல் வருகிறதா என்று தட்டிப் பார்த்ததோடு சரி.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் படித்தாலே வயிற்றைக் கலக்கும். சுற்றுப்பயணம் முழுவதிலும் கச்சேரியை ஒலித்தட்டாகவும் படமாகவும் பதிவு செய்ய இருந்த ஒரே வாய்ப்பு, அதுவும் கடைசி நாள், மறுநாள் திருத்திக்கொள்ள இன்னொரு கச்சேரி கிடையாது. சவுண்ட் செக் இல்லாமல் சிவப்பு விளக்கை எரியவிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் மைதானம். மரக்கானா 1950 உலகக் கோப்பைக்காகக் கட்டிய கான்கிரீட் வட்டம். உள்ளே போட்ட சத்தம் சுற்றிச் சுற்றி வரும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு இசை ஏறக்குறைய 0.3 நொடி தாமதமாகத்தான் சேரும். அவன் கேட்டதற்கு ஏற்பச் சரியாகத்தான் பாடுகிறான். அவன் குரல் மேடைக்குத் திரும்பி வர இன்னொரு 0.3 நொடி. 'ஒய் ஒய் இசட்' போகும் வேகத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் தாளத்தில் ஒரு முழுத் தட்டுக்கும் மேல். முன்வரிசை ஒரு நேரத்தில் பாடும், நடுவில் நிற்பவர்கள் கொஞ்சம் பிந்திப் பாடுவார்கள், பின்வரிசை இன்னும் பிந்தி. இதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும் கூட்ட மைக்குகளைக் கலவையில் ஏற்றினால் தெளிவு போகும், இறக்கினால் கூட்டம் போகும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

கலவையைத் தயாரித்தவர்கள் ஜேம்ஸ் பார்ட்டனும் லைஃப்சனும். அவர்கள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள். முடிவு எனக்குப் புரிகிறது, ஆனால் காது ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

கோவை_கிட்டார்:

கூட்டம் என்று பேசினால் அயர்ன் மெய்டனை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதே ஊர், அதற்கு ஒன்றே முக்கால் வருடம் முன்னால். 2001 ஜனவரி 19, 'ராக் இன் ரியோ' விழா, சுமார் 2,50,000 பேர். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' ஆரம்பத்தில் அந்த மெல்லிய கிட்டார் மெட்டை முழுக்கூட்டமும் பாடும். அங்கேயும் வரி இல்லை, வெறும் மெட்டுதான். ப்ரூஸ் டிக்கின்சன் 1999இல் குழுவுக்குத் திரும்பியதையும் சேர்த்துக்கொண்டால் உங்கள் மீண்டு வந்த கதைகூட அங்கே உண்டு. ஒலியும் தெளிவு.

40,000 பேரை 2,50,000 பேருக்கு மேலே வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசிவரிசை:

மெய்டன் பதிவு எனக்கும் உயிர். ஆனால் தலையை எண்ணிக் கூட்டத்தை அளக்க முடியாது, கோவை. 'ராக் இன் ரியோ' பல நாள் நடக்கிற விழா. விழாவுக்கு வருகிறவர்களில் பல குழுக்களின் ரசிகர்கள் இருப்பார்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருப்பார்கள். மரக்கானாவுக்கு அன்று வந்த அத்தனை பேரும் ரஷ்ஷுக்காக மட்டுமே டிக்கெட் வாங்கியவர்கள்.

இன்னொன்று. 'ஃபியர் ஆஃப் தி டார்க்' மெட்டு பாடுவதற்கென்றே செய்தது போன்றது. மெதுவாக வரும், எவரும் பிடித்துக்கொள்ளலாம். 'ஒய் ஒய் இசட்'டை முணுமுணுக்கச் சொன்னால் நல்ல இசைக்காரர்களே தடுமாறுவார்கள். அதைப் பாட வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்குத் தோன்றியதே, அங்கேதான் நான் விழுந்தேன்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. இது ரஷ்ஷுக்கு மட்டும் நடந்ததல்ல, ரியோவின் பழக்கம். 1985இல் நடந்த முதல் 'ராக் இன் ரியோ'வில் குயீன் 'லவ் ஆஃப் மை லைஃப்' எடுத்தபோது ஃப்ரெடி மெர்குரி பாடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டத்திடம் ஒப்படைத்தார், நினைவிருக்கிறதா? கால்பந்து மைதானத்தில் தொண்ணூறு நிமிடமும் உட்காராமல் ஒரே குரலில் பாடிப் பழகிய ஊர் அது. பாடுவதற்கு வரி வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது.

மாத்திரைக்கணக்கு:

மிருதங்கம் கற்றவன் என்ற முறையில் அந்த 'ஒய் ஒய் இசட்' தொடக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஏன் அதைப் பாடுவது கஷ்டம் என்று கடைசிவரிசை சொல்கிறார் என்பது இதில் புரியும்.

டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடுதான் அந்தப் பெயர். விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ நிலையம் அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸ் தந்திக் குறிகளாக ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். விமானத்தில் ஊர் திரும்பும்போது அது காதில் விழுந்து, அந்தத் தந்தியையே தாளமாக்கிவிட்டார்கள். 1981இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது.

தந்தியின் நீண்ட ஒலியை நெடில் என்றும் குறுகிய ஒலியை குறில் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து நெடில், குறில், நெடில், நெடில். இரண்டாவது எழுத்தும் அதே. மூன்றாவது நெடில், நெடில், குறில், குறில். உண்மையான தந்தியில் நெடில் குறிலைப் போல மூன்று மடங்கு. இவர்கள் வாசிக்கும்போது நம் இலக்கணத்தில் உள்ளபடி நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று. கூட்டிப் பாருங்கள்: 7, 7, 6. மொத்தம் 20. நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து தட்டு.

கையில் ஐந்து தட்டுப் போட்டுக்கொண்டு வாயால் "தக த தக தக, தக த தக தக, தக தக த த" என்று சொல்லிப் பாருங்கள். ஏழும் ஏழும் தட்டுக்கு வெளியே போய் விழும், கடைசி ஆறில்தான் வீட்டுக்கு வந்து சேரும். மேற்கத்திய ராக் ரசிகர்கள் இதைச் சிக்கல் என்பார்கள், நமக்கு நல்ல ஒரு தாளக் கோர்வை. பீர்ட் முதலில் இதை ஒற்றை மணி போன்ற ஒலியில் சொல்லிக் காட்டிவிட்டு, அப்புறம்தான் மற்ற இரண்டு பேரையும் உள்ளே விடுகிறார். எடுப்பு அவ்வளவு சுத்தம்.

மரக்கானா பதிவில் அந்த ஐந்து தட்டிலும் கூட்டம் தடுமாறவில்லை. அது முடிந்து மெட்டு நாலு தட்டுக்கு மாறும் இடத்தில்தான் எல்லாரும் சேர்ந்து குதிக்க ஆரம்பிக்கிறார்கள். அதாவது மாறப்போகிறது என்று அத்தனை பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. சபையில் ஆயிரம் ரசிகர்கள் இடம் பார்த்துத் தாளம் போட்டால் நாம் புல்லரித்துப்போவோம். இங்கே நாற்பதாயிரம் பேர்!

ஸ்காபரோ_பனி:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க ஏலாமல் போய்விட்டது.

அந்த மூன்றெழுத்து எங்கள் ஆக்களுக்கு வேறு விதமாகப் பழக்கம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வன்னியில் இருந்தும் வெளிக்கிட்டு, எத்தனையோ நாடுகளில் தங்கி, கடைசியாக இறங்கின இடம் பியர்சன்தான். அப்பாவின் பழைய சூட்கேசில் அந்த எழுத்துகள் அச்சடித்த காகிதத் துண்டு கனகாலம் ஒட்டியபடியே கிடந்தது. நான் வளர்ந்து ரஷ் கேட்கத் தொடங்கின பிறகு அந்தத் துண்டுக்கும் இந்தப் பாட்டுக்கும் ஒரே பெயர் என்று அறிந்தபோது உடம்பு சிலிர்த்தது. ஊர் திரும்புகிற சந்தோசத்தை வைத்து அவர்கள் செய்த இசை அது. எங்களுக்கு அதே எழுத்து வந்து சேர்ந்த இடம்.

கெடி லீயும் லைஃப்சனும் இந்த நகரத்தின் வடக்கே வில்லோடேலில் வளர்ந்த பிள்ளைகள். இரண்டு பேரின் பெற்றோரும் வந்தேறிகள். லைஃப்சனின் குடும்பம் சேர்பியாவில் இருந்து வந்தது. கெடியின் தாயும் தகப்பனும் போலந்து யூதர்கள், நாசி வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பினவர்கள். தாய் பெர்கன்-பெல்சனில் மீட்கப்பட்டவர். அந்த அனுபவத்தில் இருந்து பிறந்த பாட்டுத்தான் 'ரெட் செக்டர் ஏ'. ரியோ பதிவில் அது இரண்டாவது பாதியில் வருகிறது. 'ஒய் ஒய் இசட்'டைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள், இதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் குறைவு. தயவுசெய்து அதையும் ஒருக்கா கவனித்துக் கேளுங்கோ. முகாமில் இருந்து தப்பின ஒரு பெண்ணின் மகன் அந்த மேடையில் நின்று அதைப் பாடுகிறார், கீழே ஆயிரமாயிரம் பேர் குதிக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அம்மாவை நினைக்கிறனான்.

கடைசிவரிசை:

ஸ்காபரோ, இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. 'ரெட் செக்டர் ஏ'வை இனி வேறு மாதிரிதான் கேட்பேன்.

எட்டுச்சேனல் அண்ணனுக்கு என் பதில். நீங்கள் சொன்ன குறை எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 'எக்ஸிட் ஸ்டேஜ் லெஃப்ட்' தெளிவாக இருப்பதற்குக் கொடுத்த விலை என்ன? கூட்டத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஸ்டுடியோ போலவே மெருகேற்றிவிட்டோமோ என்று குழுவுக்கே பின்னால் மனக்குறை இருந்தது. அந்தத் தட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? 'க்ளோசர் டு தி ஹார்ட்'டில் கிளாஸ்கோ ரசிகர்கள் பாடும் இடம்தான். கூட்டத்தை உள்ளே விட்ட ஒரே இடம் உயிரோடு இருக்கிறது.

அதே பாட்டு ரியோவுக்கும் வந்ததைப் பாருங்கள். அந்தச் சுற்றுப்பயணப் பட்டியலில் அது இல்லை, பல வருடம் வாசித்து அலுத்துப்போய் ஓய்வு கொடுத்திருந்தார்கள். பிரேசிலில் அந்தப் பாட்டுக்கு இருக்கும் மதிப்பு தெரிந்ததும் அவர்களுக்காகவே திரும்பச் சேர்த்தார்கள். பாடியது யார் என்று பதிவைக் கேட்டாலே தெரியும். கெடி லீ பாதி நேரம் துணைக்குத்தான் பாடுகிறார்.

'டாம் சாயர்' இன்னொரு கதை. பிரேசிலில் மெக்கைவர் தொடர் தொலைக்காட்சியில் ஓடியபோது அதன் தொடக்க இசையாக இந்தப் பாட்டைப் போட்டார்கள். ரஷ் பெயரே தெரியாத வீடுகளில்கூட அந்த சிந்தசைசர் உறுமல் தெரியும். அதையே முதல் பாட்டாக வைத்திருக்கிறார்கள் என்றால் மைதானம் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

எட்டுச்சேனல்:

கிளாஸ்கோ உதாரணம் நியாயம்தான். ஆனால் ஒரு பாட்டில் கூட்டத்தை ஏற்றுவது வேறு, மூன்று தட்டு முழுக்க அதே மட்டத்தில் வைத்திருப்பது வேறு. 'தி பாஸ்' போன்ற அமைதியான பாட்டில் பேஸின் ஒவ்வொரு ஸ்வரமும் கேட்க வேண்டும். 'ரெசிஸ்ட்' இரண்டு அக்கூஸ்டிக் கிட்டாரோடு மட்டும் வருகிறது, பீர்ட் அப்போது மேடையில் இல்லை. அங்கே கூட்டத்தைக் கொஞ்சம் இறக்கியிருந்தால் அந்தப் பாட்டு நிமிர்ந்து நின்றிருக்கும். கலவை என்பது பாட்டுக்குப் பாட்டு மாற வேண்டிய முடிவு, ஒரே நியதியாக வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரியோவுக்கு முழு மதிப்பெண் தருவேன். 'வேப்பர் டிரெய்ல்ஸ்' ஆல்பம் ஸ்டுடியோவில் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி நசுக்கப்பட்ட பதிவு, கேட்டால் காது வலிக்கும். 2013இல் டேவிட் பாட்ரில் மறுபடி கலவை செய்து வெளியிடும் அளவுக்கு அது பிரச்சினையானது. அந்தப் பாட்டுகள், குறிப்பாக 'எர்த்ஷைன்', 'சீக்ரெட் டச்', ரியோவில்தான் முதன்முதலாக மூச்சு விடுகின்றன. 'கோஸ்ட் ரைடர்' பீர்டின் அந்த மோட்டார் சைக்கிள் பயணத்தைப் பற்றியது. அதை மேடையில் அவரே வாசிப்பதைக் கேட்கும்போது நான் ஒலியைப் பற்றி யோசிப்பதை விட்டுவிடுகிறேன்.

கோவை_கிட்டார்:

டிவிடியைப் பற்றி யாரும் பேசவில்லையே. படத்தொகுப்பு எனக்கு எரிச்சல். லைஃப்சன் சோலோ எடுக்கிறார், விரல்களைப் பார்க்கலாம் என்றால் இரண்டு நொடியில் கூட்டத்துக்குத் தாவுகிறது, அப்புறம் விளக்கு, அப்புறம் கெடியின் முகம். கிட்டார் கற்பவன் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது.

ஆனால் இரண்டாவது தட்டில் உள்ள 'தி பாய்ஸ் இன் பிரேசில்' ஆவணப்படம் அருமை. மேடைக்குப் பின்னால், ஓட்டலில், கார் பயணத்தில் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று காட்டுகிறது. இவ்வளவு பெரிய வரவேற்பை எதிர்பார்க்காத மனிதர்கள் என்று முகத்திலேயே தெரிகிறது. எடுத்தவர் ஆண்ட்ரூ மெக்நாட்டன், நெடுங்காலமாக இவர்களைப் படம் பிடித்தவர்.

மேடையில் கெடிக்குப் பின்னால் பேஸ் பெட்டிகளுக்குப் பதிலாகத் துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், பார்த்தீர்களா? கடைசியில் அதிலிருந்து டி-ஷர்ட்டுகளை எடுத்துக் கூட்டத்துக்கு வீசுவார்கள். இவ்வளவு கனமான இசைக்காரர்களுக்குள் இந்த விளையாட்டுத்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாத்திரைக்கணக்கு:

தனி ஆவர்த்தனம் பற்றி ஒரு வார்த்தை. ட்ரம்ஸ் சோலோவுக்கு 'ஓ பதெரிஸ்தா' என்று போர்த்துகீசியத்திலேயே பெயர் வைத்தார் பீர்ட், பிரேசில் ரசிகர்களுக்கு மரியாதையாக. கிராமி விருதுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது.

அவருடைய வளர்ச்சி அதில் முழுக்கத் தெரிகிறது. உலகமே தலைசிறந்த ராக் ட்ரம்மர் என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது, தொண்ணூறுகளின் நடுவில், ஃப்ரெடி க்ரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். குச்சியைப் பிடிக்கும் முறையிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். ரியோ சோலோவைக் கேளுங்கள்: கால் ஒரு சீரான நடையைப் பிடித்துக்கொள்ள, கைகள் அதற்கு மேலே வேறு வேறு நடைகளில் போய் வரும். நடுவில் வாத்திய அமைப்பே சுழன்று திரும்பி எலக்ட்ரானிக் ட்ரம்ஸ் முன்னால் வரும். கடைசியில் கவுண்ட் பேசியின் 'ஒன் ஓ க்ளாக் ஜம்ப்'பில் கொண்டுபோய் முடிக்கிறார். பழைய பிக் பேண்ட் ஜாஸுக்குக் கால்பந்து மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் ஆரவாரம் செய்கிறார்கள்.

சோலோ நடக்கும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிற கூட்டத்தை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இந்தப் பதிவில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும், அதாவது தாளத்தை முடித்துவைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும், பதில் குரல் வருகிறது.

கோவை_கிட்டார்:

2007 மார்ச் 17 பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெய்டன் வந்தபோது இங்கிருந்து கிளம்பிப் போன பலரில் நானும் ஒருவன். அதனால்தான் கடைசிவரிசை சொன்ன அந்தக் காத்திருப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. நகலெடுத்த கேசட்டில் வருடக்கணக்காகக் கேட்ட குழு நிஜமாக எதிரே நின்றால் தொண்டை நம் பேச்சைக் கேட்காது. அங்கேயும் ஒவ்வொரு கிட்டார் மெட்டையும் பாடினோம். அதுவரை எந்தப் பெரிய மெட்டல் குழுவும் எட்டிப் பார்க்காத நாடு என்பதால் வந்த பசி அது. நியூயார்க்கிலும் லண்டனிலும் வருடாவருடம் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பசி இருக்காது.

சரி, தலையை எண்ணியது போதும். ரியோ 2002க்கு என் ஓட்டும் சேரட்டும், ஆனால் மெய்டனுக்குத் தனி இழை நான் திறப்பேன்.

புதுக்காது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ரஷ் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. நேராக இந்தப் பதிவிலிருந்தே தொடங்கலாமா, இல்லை ஸ்டுடியோ பாட்டுகளைக் கேட்டுவிட்டு வர வேண்டுமா? மூன்று தட்டு என்றால் பயமாக இருக்கிறது.

எட்டுச்சேனல்:

தம்பி, முதலில் 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். நாற்பது நிமிடம்தான். 'டாம் சாயர்', 'ஒய் ஒய் இசட்', 'லைம்லைட்' மூன்றும் அதில் இருக்கின்றன, ரியோவிலும் இருக்கின்றன. அசல் காதில் ஏறாமல் ரியோவுக்குப் போனால் கூட்டம் எதைப் பாடுகிறது என்று புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

கடைசிவரிசை:

அண்ணன் சொன்னபடியே செய்யுங்கள். அதற்கு அப்புறம் ரியோவில் முதல் தட்டை மட்டும் எடுங்கள். 'டாம் சாயர்' ஆரம்பத்திலிருந்து வரிசை மாற்றாமல் 'ஒய் ஒய் இசட்' வரை. இடையில் வரும் 'ரோல் தி போன்ஸ்', 'எர்த்ஷைன்' எதையும் தாண்டாதீர்கள், கூட்டம் எப்படிப் படிப்படியாகச் சூடேறுகிறது என்பது அதில்தான் தெரியும். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். ஹெட்போனைவிட, கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் அறை நிறையக் கேட்டால் அந்த மூட்டம் குறைந்து கூட்டம் உங்களைச் சுற்றி நிற்கும்.

பிடித்திருந்தால் இரண்டாவது தட்டில் 'ரெட் செக்டர் ஏ', அதே தட்டின் கடைசியில் '2112'. அந்தத் தொடக்க இசையில் கூட்டம் முஷ்டியை உயர்த்திக் "ஹேய்" போடும் இடத்தைத் தவறவிடாதீர்கள். 'லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ'வை அவசரப்படாமல் விட்டு வையுங்கள், அது பழகின காதுக்கு.

பீர்ட் 2020 ஜனவரி 7இல் மூளைப் புற்றுநோயில் காலமானார். அவர் திரும்பி வந்த முதல் வருடத்தின் கடைசிக் கச்சேரி இது. கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், எந்தப் பாட்டு பிடித்தது என்று.

ஸ்காபரோ_பனி:

புதுக்காது, 'லைம்லைட்'டின் ஸ்டுடியோ வடிவத்தில் கிட்டார் சோலோவை மட்டும் ஒருக்கா தனியாகக் கேட்டுவிட்டு, அதே இடத்தை ரியோவில் கேளுங்கோ. லைஃப்சன் அந்தக் கிட்டார்த் தந்தியை எப்படி இழுத்து அழவைக்கிறார் என்று பிறகு வந்து கதைப்போம்.